அவர் என்ன சாப்பிடுகிறார்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு ரெஜினா கொடுத்தது. டாக்டர் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, சர்க்கரை வந்தவர்கள் எதைத் தின்ன வேண்டும், எதைத் தின்னக் கூடாது என்று சொல்கிற பெண். வயது சின்னது, வாய் பெரிது. "அவர் சாப்பிடுறத அவரே எழுதக் கூடாதுக்கா. தன்னோடத எழுதச் சொன்னா ஒருத்தரும் உண்மைய எழுத மாட்டாங்க. வீட்ல இன்னொருத்தர்தான் எழுதணும்" என்றாள். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

அவர் என்றால் என் வீட்டுக்காரர் சௌந்தரபாண்டி. தாலுகா அலுவலகத்தில் சர்வேயர். வயது ஐம்பத்திரண்டு. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒன்பது புள்ளி எட்டு என்று வந்திருக்கிறது. ஏழுக்குள் வர வேண்டுமாம். ஆகஸ்ட் கடைசியில் மறுபடி பார்ப்பார்கள், இறங்கவில்லை என்றால் ஊசி என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் அப்பாவுக்கும் ஊசியில்தான் ஆரம்பித்தது. பிறகு கட்டைவிரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் வரை எடுத்தார்கள். அதை எல்லாம் இதில் எழுதப் போவதில்லை.

கிளம்பும்போது ரெஜினா என்னையும் பிடித்துக்கொண்டாள். அப்பாவுக்கு இருந்ததென்றால் நீங்களும் ஒரு சொட்டு ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றாள். வரும் வழியில் காப்பி குடித்துவிட்டேன், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கென்ன கேடு, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினேன். மைதா, ரவை, சேமியா, அப்பளக் கட்டு எல்லாம் எதிர்வீட்டுக்குப் போயின. சாமை, வரகு, குதிரைவாலி, கம்பு, கொள்ளு, பச்சைப்பயறு எல்லாம் வந்தன. காய்க்காரரிடம் சுரைக்காய், பீர்க்கங்காய், அவரை, வாழைத்தண்டு, இரண்டு கட்டு முருங்கைக்கீரை வாங்கினேன். சுரைக்காயை நகத்தால் கீறிப் பார்த்துத்தான் எடுத்தேன். "ஏந்தா, என்னைய நம்ப மாட்டியா" என்றார். நம்பினால் முற்றலைத்தான் தலையில் கட்டுவார்.

ஒரு விஷயம்தான் இடித்தது. போன மாதம் வாங்கிய பொன்னி அரிசி மூட்டை முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டில் அரிசி வேண்டாம் என்றார்கள், அவர்களுக்கு வயலில் இருந்து வருகிறது. வைத்தால் வண்டு விழுந்துவிடும். அதனால் மத்தியானம் நான் தனியாக இருக்கும்போது எனக்கு மட்டும் கொஞ்சம் வடித்துக்கொள்வது என்று முடிவு செய்திருக்கிறேன். அவர் கண்ணில் படாமல் தீர்த்துவிடலாம்.

அவர் சாப்பிட்டது: காலை கம்பங்கூழ் ஒரு டம்ளர். மதியம் டிபன் கேரியரில் சாமைச் சோறு, சுரைக்காய்க் கூட்டு. இரவு பச்சைப்பயறு தோசை இரண்டு.

ஜூன் 6, வியாழன்

வரகு குழைந்து களியாகிவிட்டது. அவர் மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்தார்.

ஜூன் 12, புதன்

சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. வரகை அரை மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை இறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, முக்கால் பதம் வெந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிட வேண்டும். கரண்டி போட்டுக் கிண்டவே கூடாது. இன்றைக்குப் பூவாக உதிர்ந்தது. பீர்க்கங்காய்த் தோலைக்கூட விடாமல் துவையல் அரைத்தேன். பிளஸ் டூ படிக்கிற என் மகள் லோசனி, ஆறாம் தேதி தின்றது சாப்பாடா சிமெண்டா என்று கேட்டவள், இன்று இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

சீனியை அவர் கைக்கு எட்டாமல் மேல் பலகையில், கண்ணாடி பாட்டிலில் வைத்திருக்கிறேன். லோசனியின் மார்க்கர் பேனாவால் பாட்டிலில் ஒரு கோடும் போட்டேன். சர்வேயர் வீட்டில் எல்லைக்கல் நட எனக்கும் தெரியும்.

இரவு அவர் ஒரு கரண்டி வரகுச் சோற்றைச் சட்டியிலேயே மிச்சம் வைத்துவிட்டு, "இது உனக்கு" என்றார். எனக்குப் பழைய சோறு இருந்தது, அதை யார் தின்பது? வரகை எதிர்வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

சீனி கோட்டுக்குக் கீழே மூன்று விரல்கடை இறங்கியிருக்கிறது.

லோசனி காப்பியே குடிப்பதில்லை. என் காப்பிக்கு நான் போடுவது இரண்டு ஸ்பூன், அதெல்லாம் கணக்கிலேயே வராது. மூன்று வேளை, வெயிலுக்குத் தலை சுற்றினால் நான்காவது வேளை. அது போக இவ்வளவு எப்படி இறங்கும்? யோசித்துக்கொண்டே வாழைத்தண்டு நறுக்கியதில் இடது ஆள்காட்டி விரலில் வெட்டிக்கொண்டேன். மஞ்சள் வைத்துக் கட்டியிருக்கிறேன்.

அவர் ஒன்றும் தெரியாத மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.

ஜூலை 5, வெள்ளி

டிபன் கேரியர் கழுவி வந்திருக்கிறது.

கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் ஒரு டம்ளரைக் கழுவியது கிடையாது. பருக்கை காய்ந்து ஒட்டிப்போன கேரியரைத்தான் சாயந்தரம் என் கையில் கொடுப்பார். இன்று மூன்று அடுக்கும் பளபளவென்று வந்தது. கேட்டதற்கு, பம்புசெட் பக்கம் அளந்துகொண்டிருந்தோம், தண்ணீர் கொட்டியது, கழுவினேன் என்கிறார். யாருக்குக் காது குத்துகிறார்? சோற்றை எங்கேயோ கொட்டிவிட்டு, கொட்டிய தடம் தெரியக் கூடாது என்றுதான் கழுவியிருக்க வேண்டும்.

சர்வேயர் வேலையில் இது பெரிய தொல்லை. நிலம் அளக்கப் போகிற இடமெல்லாம் உபசாரம். ஒரு வீட்டில் கருப்பட்டிப் பணியாரம், ஒரு வீட்டில் பாயசம். எல்லைத் தகராறு உள்ளவர்கள் என்றால் இரண்டு தரப்பும் ஊட்டிவிடும்.

விரல் இன்னும் ஆறவில்லை. பாத்திரம் தேய்க்கிற கை, ஈரத்திலேயே இருந்தால் எப்படி ஆறும்?

ஜூலை 9, செவ்வாய்

இன்று பார்த்ததை எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் இரண்டு கக்கூஸ். லோசனி அறையோடு ஒட்டியது அவளுடைய சமஸ்தானம், உள்ளே யாரையும் விட மாட்டாள். கொல்லைப்பக்கத்தில் உள்ளது எனக்கும் அவருக்கும். இன்று காலை நாலரைக்கு வாசல் தெளிக்க எழுந்தவள் அங்கே போனேன். விளக்கைப் போட்டால், தண்ணீர் போகிற மூலையில் சின்னச் சிவப்பு எறும்பு. ஒன்று இரண்டு இல்லை, சாரை சாரையாக.

என் அம்மா அப்படித்தான் கண்டுபிடித்தாள். அப்பா ஒதுங்கிய இடத்தில் எறும்பு மொய்த்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. சிறுநீரில் சர்க்கரை போனால் எறும்புக்குத்தான் முதலில் மூக்கில் வியர்க்கும்.

ஐந்து வாரமாக நான் கொள்ளும் கீரையுமாகக் கொட்டிச் சமைக்கிறேன், இவர் வெளியே பாயசம் குடித்துவிட்டு வந்து என் வீட்டில் எறும்பு வளர்க்கிறார். வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். கழுவிவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அப்பாவின் ஒற்றைச் செருப்பு ஞாபகம் வந்தது.

ஜூலை 10, புதன்

மறுபடி எறும்பு. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. கையும் களவுமாகப் பிடித்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம்.

ஜூலை 14, ஞாயிறு

ராத்திரியில் எழுந்து பிரிட்ஜைத் திறக்கிறாரா என்று கவனித்துக்கொண்டு வருகிறேன். எனக்கு எப்படியும் இப்போதெல்லாம் மூன்று நான்கு தடவை எழ வேண்டியிருக்கிறது. இந்த வெயிலுக்குத் தொண்டை வறண்டு சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிக்கிறேன், குடித்தால் போகத்தானே வேண்டும். ஒவ்வொரு தடவையும் பார்த்தேன். மனிதர் மரக்கட்டை மாதிரி தூங்குகிறார், விடியும் வரை அசைவதில்லை. அப்படியென்றால் தின்பதெல்லாம் பகலில், வெளியில்.

மத்தியானம் அவரைக்காயும் கேரட்டும் போட்ட குதிரைவாலிச் சோறு. சாப்பிட்டு முடித்தவர் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்திராணி, ஒரு விசயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தார். குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, சாப்பாட்டைக் குறை சொல்லப் போகிறார். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

ரவிக்கை எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. அவருக்குச் சமைத்துப் போட்டு நான் இளைக்கிறேன். எதிர்வீட்டில், என்னமாய் இளைத்துவிட்டீர்கள், ரகசியம் என்ன என்று கேட்டார்கள். சிறுதானியம் என்று சொல்லி வைத்தேன். நான் எங்கே அதைச் சாப்பிட்டேன், மூட்டையில் இன்னும் பாதி அரிசி இருக்கிறது.

ஜூலை 19, வெள்ளி

சட்டையில் சால்னா வாடை. துவைக்கும்போது மூன்று தடவை முகர்ந்து பார்த்தேன். பட்டை, சோம்பு, பொரித்த வெங்காயம். பரோட்டாக் கடைப் பக்கம் போகாமல் இந்த வாடை வராது.

கேட்டேன். பஸ் ஸ்டாண்டு வழியாக நடந்து வந்தேன் என்கிறார்.

ஜூலை 23, செவ்வாய்

அவரோடு நிலம் அளக்கச் சங்கிலி பிடிக்கப் போகிற அந்தோணிசாமி, மறந்துபோன வரைபடத்தை எடுக்க வீட்டுக்கு வந்தார். ஐம்பது வயது ஆள், பொய் சொன்னால் காது சிவந்துவிடும். உட்காரவைத்துக் கொள்ளு சுண்டல் கொடுத்து வாயைப் பிடுங்கினேன். "எங்க சார் முன்ன மாதிரி இல்லக்கா. எவன் எத நீட்டுனாலும் கையெடுத்துக் கும்பிட்டுர்றாக. உங்க கேரியர வழிச்சுத் தின்னுபுட்டுத்தான் எந்திரிக்கிறாக" என்றார். பரோட்டா உண்டா என்று கேட்டேன். சுண்டல் தொண்டையில் சிக்கிக்கொண்டது, இருமினார், தண்ணீர் கேட்டார், வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

காது சிவந்ததா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் கொஞ்சம் தள்ளி இருப்பது கலங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. படைப்பதற்கு எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, சர்க்கரைப் பொங்கல் இல்லாமல் முடியாது. சாமிக்குச் சாமையில் படைத்தால் கோபித்துக்கொள்ளுமா என்று யோசித்துக் கடைசியில் சாமையிலேயே எலுமிச்சையும் தேங்காயும் கிளறிவிட்டேன், நன்றாகவே வந்தது. பொங்கலுக்கு மட்டும் பச்சரிசி, வெல்லம். அவருக்கு ஒரு நெல்லிக்காய் அளவு கொடுத்தேன், வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டார். மீதி உருளியை அவர் பார்வையில் வைப்பது ஆபத்து. நான் நின்றபடியே தின்று தீர்த்தேன். காதுகுத்து வீட்டில் இருந்து வந்த லட்டுப் பெட்டியையும் இப்படித்தான் போன வாரம் ஒழித்தேன். வீட்டில் இனிப்பு இல்லை என்றால்தானே அவர் தொட முடியாது.

மாலையில் மறுபடி ஆரம்பித்தார். "இந்திராணி, நீ கொஞ்சம் உக்காரு." பேசத் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட்டேன், எறும்பு எங்கிருந்து வருகிறது என்று. அவர் முகம் மாறியது. "அதத்தான்..." என்றார். அதைத்தான் என்ன? ஒப்புக்கொள்ளப் போகிறாரா? கேட்க எனக்குத் தெம்பில்லை. தட்டுகளை அள்ளிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்குப் பயமாக இருந்தது. அவர் வாயால் ஒப்புக்கொண்டுவிட்டால் பிறகு ஊசிதான், பிறகு ஆஸ்பத்திரிதான், அந்த நடையெல்லாம் மறுபடி நடக்க எனக்கு முடியாது.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

அப்பாவும் மகளும் கூட்டு. மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் படியில் நின்றுவிட்டேன். மேலே லோசனி கேட்கிறாள்: "அம்மாகிட்ட எப்பத்தாம்ப்பா சொல்றது?"

அவர் சொல்கிறார்: "என் ரிப்போர்ட்டு வரட்டும். அதக் காட்டிட்டுச் சொன்னாத்தான் கேப்பா. இப்பச் சொன்னா மேல விழுந்து புடுங்குவா."

நான் போனதும் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள். வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை.

பெற்ற மகளையும் பரோட்டாக் கடைக்குப் பழக்கிவிட்டார் என்று தோன்றுகிறது. மனசு விட்டுப்போய்விட்டது. இன்றைய சமையல் முள்ளங்கி சாம்பார், வெண்டைக்காய்ப் பொரியல். அவர் இன்றைக்கும் ஒரு கிண்ணம் மிச்சம் வைத்து, நீ சாப்பிடு, எனக்கு முன்னால் சாப்பிடு என்று அடம் பிடித்தார். வயிறு நிறைந்த மனிதருக்குத்தான் இப்படித் தாராளம் வரும். மாடு இப்போது சாயந்தரம் ஆனால் தானாகவே நம் வாசலில் வந்து நிற்கிறது.

ஆகஸ்ட் 24, சனி

சட்டைப் பையில் ஒரு சீட்டு. ரெஜினாவின் கையெழுத்து. "செப். 2, காலை 7. வெறும் வயிறு." பெயர் இல்லை.

அவருக்குப் பரிசோதனை நாளை மறுநாள், இருபத்தாறாம் தேதி. அப்படியிருக்க இரண்டாம் தேதி எதற்கு? அந்தப் பரிசோதனையில் தேற மாட்டோம் என்று தெரிந்து, எனக்குத் தெரியாமல் இரண்டாம் தடவைக்கு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறார். அந்தப் பெண்ணும் உடந்தை. சீட்டை அப்படியே பையில் வைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

ஆறு புள்ளி நான்கு.

டாக்டர் எழுந்து நின்று அவருக்குக் கைகொடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, எல்லாம் உங்கள் கை செய்த வேலை என்றார். ரெஜினா நோட்டை வாங்கிப் பார்க்கக் கையை நீட்டினாள், கொடுக்கவில்லை. அதில் அவளைப் பற்றியும் எழுதியிருக்கிறேனே.

சந்தோஷப்பட வேண்டும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் முயன்றேன், வரவில்லை. இன்று விடியற்காலைகூட எறும்பு இருந்தது. ஆறு புள்ளி நான்கு உள்ள மனிதருக்கு எறும்பு எப்படி வரும்? ரத்தம் எடுத்த குப்பிகளில் பெயரை மாற்றி ஒட்டியிருப்பார்கள், வேறு யாருடைய ரிப்போர்ட்டோ இது. அவர் ரிப்போர்ட்டை மேசை மேல் விரித்து வைத்து, இப்போதாவது உட்கார்ந்து நான் சொல்வதைக் கேள் என்றார். தலை வலிக்கிறது என்று படுத்துவிட்டேன். வலித்தது உண்மைதான்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

அவருக்குத் திருச்சியில் நான்கு நாள் பயிற்சி. புதுக் கருவி வந்திருக்கிறதாம், சங்கிலி இல்லாமலே அளக்கிறதாம். வழிக்கு வரகுப் புளியோதரையும் கறிவேப்பிலைப் பொடியும் கட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமை வந்ததும் பேசியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் பஸ் ஏறியதும் கொல்லைக் கக்கூஸைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கல் தெரியத் தேய்த்தேன். நான்கு நாளாவது சுத்தமாக இருக்கட்டும்.

ஆகஸ்ட் 28, புதன்

அவர் திருச்சியில் இருக்கிறார். எறும்பு இங்கே இருக்கிறது.

ஆகஸ்ட் 29, வியாழன்

நேற்றுப் பார்த்தது பழைய வாடைக்கு வந்ததாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். நேற்று மறுபடியும் தேய்த்தேன், பினாயில் ஊற்றினேன். லோசனியைக் கேட்டேன், கொல்லைப்பக்கம் வந்தாயா என்று. அந்த எறும்புக் கோட்டைக்கு நான் ஏன் வருகிறேன் என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள், ஏதோ சொல்ல வந்து அடக்கிக்கொண்டாள்.

இன்று காலையும் எறும்பு.

ஆகஸ்ட் 30, வெள்ளி

சமைக்கவில்லை. லோசனியே பயறு வேகவைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள்.

இந்த நோட்டை முதல் பக்கத்தில் இருந்து படித்தேன். அவரைப் பிடிப்பதற்காக எழுதியது. சீனி, தண்ணீர், ராத்திரி எழுந்தது, ரவிக்கை, கண், விரல். பொன்னி அரிசி. உருளிப் பொங்கல், ஒரு பெட்டி லட்டு. எல்லாம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன், ஆனால் ஒரே ஆளைத்தான் பார்த்தேன்.

விரல் கட்டைப் பிரித்தேன். ஜூன் இருபத்தொன்றாம் தேதி வெட்டியது. இன்னும் ஓரம் சிவந்து ஈரமாக இருக்கிறது.

அப்பாவுக்கும் இப்படித்தான் இருந்தது. நான் சாகப் பயப்படவில்லை. கால் இல்லாமல் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, லோசனி எனக்கு மலச்சட்டி எடுத்துப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமே, அதற்குப் பயப்படுகிறேன்.

ஆகஸ்ட் 31, சனி

மதியம் வந்தார். பையைக்கூட அவர் இறக்கவில்லை, நான் சொல்லிவிட்டேன். "எறும்பு உங்களோடது இல்ல. என்னோடது."

"தெரியும்" என்றார்.

ஜூலையிலேயே தெரியுமாம். நான் எத்தனை தடவை எழுகிறேன் என்று அவரும் எண்ணிக்கொண்டுதான் படுத்திருந்தாராம். மரக்கட்டை மாதிரி தூங்குகிறார் என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். விரல் ஆறவில்லை, தண்ணீரில் நனைய வேண்டாம் என்றுதான் கேரியரைக் கழுவினாராம். சோற்றை மிச்சம் வைத்தது நான் தின்ன வேண்டும் என்று. அந்தச் சீட்டு என் பெயருக்கு வாங்கியது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்தும் ஏன் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தீர்கள் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை.

"எத்தன தடவ உக்காரச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்ட. எனக்கும் பயந்தான் இந்திராணி. உங்கப்பாவுக்கு டிரெஸ்ஸிங் கட்டப் போறப்ப ஒன்னையக் கூட்டிட்டுப் போனவன் நான்தான?"

அவர் கண் கலங்கியதை நான் இதுவரை இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். இது மூன்றாவது. லோசனி அடுப்படியில் இருந்து ஓடிவந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் சமையலறைக்குப் போய், அரிசி மூட்டையில் மிச்சம் இருந்ததைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருக்கோடி கோயில் அன்னதானத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். எனக்கு இந்த யோசனை ஜூன் மாதம் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

பதினொன்று புள்ளி இரண்டு. அவரைத் தாண்டிவிட்டேன்.

ரெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள். காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஊசியால் மெல்லத் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டாள். எல்லா இடத்திலும் தெரிந்தது. விரலுக்கு மருந்து போட்டார்கள். மாத்திரை தந்திருக்கிறார்கள், மூன்று மாதம் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்கிறேன் என்றார் டாக்டர். சாப்பாட்டுக்கு வேறு யாரிடமும் போக வேண்டாம், உங்கள் வீட்டுச் சட்டியிலேயே மருந்து இருக்கிறது, நீங்களும் அதிலிருந்தே சாப்பிட்டால் போதும் என்றாள் ரெஜினா. அவள் வாய் அவ்வளவு பெரிது இல்லை.

புது நோட்டு எடுத்து நீட்டினாள். இதிலேயே பக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவள் வைத்த சட்டப்படி தன்னுடையதைத் தானே எழுதக் கூடாது. அப்படியானால் இந்த நோட்டை அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்தால் முதல் பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் படிப்பார். பாயசம், பரோட்டா, பெற்ற மகளையும் பழக்கிவிட்டார் என்று எழுதியது எல்லாம்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. கிழித்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். கிழித்தால் சந்தேகப்படுவார். படிக்கட்டும்.

செப்டம்பர் 3, செவ்வாய்

எழுதுவது சௌந்தரபாண்டி.

முந்தைய பக்கங்களை முழுவதும் படித்தேன். ஒரே ஒரு திருத்தம் பதிவு செய்ய வேண்டியுள்ளது. ஜூலை 19ஆம் தேதி அவள் சந்தேகப்பட்டது உண்மை. பரோட்டா ஒன்று. அந்தோணிசாமி வாங்கிக் கொடுத்தான். காது சிவந்ததை அவனே ஒப்புக்கொண்டான்.

அவள் சாப்பிட்டது:

காலை 7.30: கேழ்வரகு தோசை இரண்டு, பீர்க்கங்காய்த் துவையல். சீனி இல்லாத காப்பி ஒன்று. முகத்தைச் சுளித்தாள், என்னைத் திட்டினாள், குடித்தாள்.

சீனி பாட்டில்: காலியாக உள்ளது. நானே கழுவிக் கவிழ்த்தேன்.

மதியம்: நான் அலுவலகத்தில். லோசனி மாலையில் பள்ளியில் இருந்து வந்து கேட்டு எழுதித் தந்தபடி, சாமைச் சோறு, அவரைக்காய்ப் பொரியல், மோர். சாட்சிக்கு எதிர்வீட்டு அம்மாவை உட்காரவைத்துச் சாப்பிட்டதாக இந்திராணி சொல்கிறாள். விசாரித்தேன், உண்மைதான்.

இரவு: வரகுச் சோறு நான் வடித்தேன். கரண்டி போட்டுக் கிண்டியதால் குழைந்துவிட்டது. முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளு ரசம் அவள் செய்தது. அவளுக்கு முதலில் போட்டேன். நின்றுகொண்டே சாப்பிடப் போனாள், உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தாள். சிமெண்டு என்றாள். இரண்டாம் முறை வாங்கிக்கொண்டாள். தட்டை நான்தான் எடுத்தேன்.

மாடு வந்து வெகுநேரம் வாசலில் நின்றது. மிச்சம் ஒன்றும் இல்லை.